விளிம்பு என்னும் சொல்லும் தேவ்நார் என்னும் நிலமும்

முன்னுரை

தமிழ் ஆய்வுலகில் கடந்த சில பத்தாண்டுகளாகப் பெருவழக்காக ஆளப்பட்டு வரும் கலைச்சொற்களுள் 'விளிம்புநிலை மக்கள்' என்பதும் ஒன்று. ஒடுக்கப்பட்டோரின் வாழ்வையும் எழுத்தையும் ஆய்வுப் பொருளாக்கியதில் இச்சொல்லுக்குப் பெரும் பங்குண்டு. எனினும், விளிம்பு என்பது தானே அமைந்த ஓர் எல்லை போலவும், அங்கு வாழ்வோர் தாமே அங்குச் சென்று சேர்ந்தவர் போலவும் ஒரு மயக்கத்தை அச்சொல் தருகிறது. தள்ளப்பட்டோர் பேசப்படுகின்றனர், தள்ளியோர் பேசப்படுவதில்லை. இம்மயக்கத்தை மும்பையின் தேவ்நார் நிலத்தையும் சில தமிழ்ப் பனுவல்களையும் ஒருங்குவைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆக்கப்பட்ட விளிம்பு

மும்பை மாநகராட்சியின் கிழக்கு 'எம்' வட்டத்தில் முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அமைந்துள்ளது தேவ்நார் குப்பை மேடு. 1927 முதல் இயங்கி வருவதாகப் பொதுவாகக் குறிக்கப்பெறும் இந்நிலத்தைச் சூழ்ந்து சிவாஜி நகர், பைங்கன்வாடி முதலிய குடியிருப்புகள் உள்ளன. இவை நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழை மக்களைக் கொண்டு வளர்ந்தவை. இதே வட்டத்தில், தமிழர் மிகுதியாக வாழும் சீட்டா கேம்ப் உருவான வரலாறும் இத்தகையதே. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் இங்குக் கொண்டுவரப்பட்டனர்.

2009ஆம் ஆண்டின் மும்பை மனித வளர்ச்சி அறிக்கை, நகரின் 24 வட்டங்களுள் இவ்வட்டத்தைக் கடைசி இடத்தில் வைத்தது. 2016 சனவரியில் குப்பை மேடு பல நாள் எரிந்து நகரைப் புகை சூழ்ந்த பின்னரே பொதுச் சமூகத்தின் கண் இந்நிலத்தின்மேல் பட்டது. அதன் விளைவாகக் காவல் பெருகிற்று. குப்பை பொறுக்கி வாழ்ந்தோர் உள்ளே நுழைவது தடுக்கப்பட்டது. குப்பை பொறுக்குவோரைக் கழிவு மேலாண்மையில் இணைத்துக்கொள்ள வேண்டுமென நடுவணரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறியதும் அதே 2016ஆம் ஆண்டில்தான் என்பது இவண் நோக்கத்தக்கது.

2024 அக்டோபரில், தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்காக இக்குப்பை நிலத்தின் 124 ஏக்கரை ஒதுக்க மகாராட்டிர அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தாராவியிலேயே வீடு பெறத் 'தகுதியற்றோர்' என வகைப்படுத்தப்படுவோருக்கான மாற்றிடங்களுள் இதுவும் ஒன்று. நகரின் கழிவு சேர்ந்த இடத்திற்கே அந்நகரைக் கட்டிய மக்களும் அனுப்பப்படுகின்றனர் எனில், விளிம்பு என்பது ஓர் இடம் அன்று. அது தொடர்ந்து நிகழ்த்தப்படும் ஒரு வினை என்பது பெறப்படும்.

மணிமேகலை: ஈகையும் பொறுப்பும்

நகரம் தான் விலக்கியதை எங்கு வைக்கிறது என்னும் வினாவைத் தமிழில் மிகப் பழங்காலத்திலேயே எழுப்பிய காப்பியம் மணிமேகலை. புகார் மக்கள் சுடுகாட்டுக் கோட்டம் என்றழைக்கும் சக்கரவாளக் கோட்டம் நகரை ஒட்டியே அமைந்துள்ளது. முதியோர், இளையோர் என்று பாராமல் கூற்றுவன் அனைவரையும் கொல்வதாகக் கூறும் அக்காதை, இறந்தோர்க்கு எழுப்பிய கோட்டங்கள் நால்வகை வருணத்திற்கேற்ப வேறுபட்டிருந்தமையையும் காட்டுகிறது. வேற்றுமையை விளைப்பது இயற்கையன்று, சமூகமே என்பதைச் சாத்தனார் இங்ஙனம் உணர்த்துகிறார் எனலாம்.

அமுதசுரபியை மையமாக வைத்து இக்காப்பியத்தை ஈகையின் காப்பியமாகக் காண்பதே பெரும்பான்மை வழக்கு. ஆனால், ஆபுத்திரன் வரலாறு அவ்வாசிப்பைச் சிக்கலாக்குகிறது. பிறப்பின் பெயரால் இழிக்கப்பட்டு வளர்த்த தந்தையாலேயே விலக்கப்பட்டவன் அவன். அந்தணர் ஊர்களில் அவனுடைய ஐயக்கலத்தில் விழுந்தது கல். அவனே பின்னர்த் தென்மதுரையில் காணார், கேளார், கால் முடப்பட்டோர் ஆகியோர்க்கு உணவளிக்கிறான். பாண்டி நாட்டில் மழை பெய்து வளம் பெருகியதும் அவனிடம் உண்ண வருவோர் இல்லாது போகின்றனர். உண்போரைத் தேடி அவன் சாவக நாட்டிற்குக் கப்பலேறுகிறான். இந்திரன் அவனுக்கு இழைத்த இடராகவே காப்பியம் இதைச் சொல்கிறது. எனினும், இதில் ஆழ்ந்த உண்மை ஒன்று பொதிந்துள்ளது. பசித்தோர் இல்லையெனில் கொடையாளிக்கு இடமில்லை; ஈகையின் நிலைபேறு இல்லாமையின் நிலைபேற்றைச் சார்ந்தது.

மணிமேகலையின் செயல் இதனினும் ஒருபடி மேற்செல்கிறது. சிறைப்பட்டோர்க்கு உணவளித்ததோடு அவள் அமையவில்லை. வேண்டுவது யாது என அரசன் வினவியபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு கேட்கிறாள். தனிமனித அருள் அரசின் கடமையாக மாறும் இடம் இதுவே. பாத்திரம் தெய்வத்தன்மை வாய்ந்தது, ஆணை மன்னனுடையது என்னும் வரம்புகள் உளவேனும், நிறுவனத்தையே மாற்றக் கோரும் குரல் இங்கு ஒலிப்பதை ஆய்வுலகம் போதிய அளவு கருத்திற்கொள்ளவில்லை.

தோட்டியின் மகன்

தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் 1947இல் எழுதி, சுந்தர ராமசாமி தமிழாக்கிய தோட்டியின் மகன் இப்பொருளைப் புதினத்தில் தொடர்கிறது. தன் மகன் தோட்டியாகக் கூடாது எனச் சுடலைமுத்து காசு சேர்க்கிறான்; தன் கூட்டத்தாரிடமிருந்து விலகியேனும் தப்பிவிட முயன்று தோற்கிறான். அவன் மகன் மோகனன் அத்தொழிலுக்கே வந்து, கூட்டுப் போராட்டத்தின் பக்கம் நிற்கிறான். தனியொருவன் தப்புவதால் தள்ளும் வினை நின்றுவிடுவதில்லை என்பதே புதினத்தின் தெளிவு. இதனை 'அவலச்சுவை' என்னும் தலைப்பில் அடக்கும் ஆய்வுகள், வாசகனின் கண்ணீரைக் கணக்கிடுகின்றன. நகராட்சியின் பொறுப்பைக் கணக்கிடுவதில்லை.

குப்பையின் திசை

ஜனதா காலனி மக்களைத் திரட்டியவர் கோலார் தங்கவயலிலிருந்து 1963இல் மும்பைக்கு வந்த தமிழரான ஜாக்கின் அற்புதம் (மறைவு 2018). குப்பை அள்ளப்படாத தம் பகுதியின் சிறுவர்களைக் கொண்டு ஆளுக்குச் சிறிது குப்பையைச் சுமந்து சென்று நகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டச் செய்ததை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். நடுவிலிருந்து விளிம்பை நோக்கியே செல்லும் குப்பை அன்று திசை மாறியது. அச்சிறுவர்கள் இரக்கத்தை வேண்டவில்லை. உரியவரிடம் உரிய பொறுப்பை ஒப்படைத்தனர்.

இன்றைய பசியை இன்றே தீர்க்க ஈகை வேண்டாவா என வினவலாம். வேண்டும், காயசண்டிகையின் தீராப்பசி அமுதசுரபியின் ஒரு பிடி உணவாலேயே தீர்ந்தது. ஆயின் ஈகை பொறுப்பின் தொடக்கமாகலாமேயன்றி அதன் ஈடாகாது. பழங்குப்பையை அகற்ற மாநகராட்சி 2025இல் இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டத்திற்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. அக்குப்பையிலிருந்து நெகிழியும் இரும்பும் பிரித்து, ஊதியமின்றி நகருக்கு உழைத்தோரின் பங்கு அதில் யாது என்பது நீதியின் வினா. அருளின் வினா அன்று.

முடிவுரை

விளிம்பு என்பது பெயர்ச்சொல்லாக மட்டும் நின்றால் ஆய்வு வருணனையாக முடியும். 'விளிம்பாக்கப்பட்டோர்' என வினைப்படுத்தும்போதே வினைமுதல் யார் என்னும் இலக்கண வினா அறவினாவாகிறது. பனுவல்களில் துன்புறுவோரை மட்டுமின்றித் துன்புறுத்தும் ஆணை, மதில், பட்டியல், பதவி ஆகியவற்றையும் பாத்திரங்களாகக் கொண்டு ஆராய்தல் வேண்டும். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கக் கேட்ட காப்பியத்தைப் பாடமாகப் பயிற்றுவிக்கும் துறைகள், தேவ்நாரில் எது எதுவாக ஆக்கப்படுகிறது என்பதையும் கேட்கக் கடமைப்பட்டவை.