குழாய் ஒன்று, வேலை இரண்டு

டொயோகோ இன் மாதிரி ஜப்பானில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஓட்டல்களில் அறை சின்னது. பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. நான் ரசிப்பது அதைவிடச் சின்னதான குளியலறையை. வாசலில் ஒரு படி ஏறி உள்ளே போக வேண்டும். குழாய்கள் தரைக்கடியில் ஓடுவதுதான் காரணம். தரை, சுவர், தொட்டி எல்லாம் வார்த்தெடுத்த பிளாஸ்டிக். டைல்ஸ் இல்லை, அதனால் அழுக்கு தங்கும் இடுக்குகளும் இல்லை. தண்ணீர் திறக்கும் குழாய் ஒன்றேதான்: இப்படித் திருப்பினால் வாஷ்பேசினுக்கு, அப்படித் திருப்பினால் தொட்டிக்கு. கஞ்சத்தனம் என்பவர்கள் உண்டு. எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத்தான் படுகிறது.

இந்த மாதிரிக் குளியலறை வந்த கதை இது: 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக நியூ ஒட்டானி ஓட்டலை அவசரமாகக் கட்டினார்கள். 1,000-க்கும் மேற்பட்ட அறைகள். ஒவ்வொன்றிலும் கொத்தனார் உட்கார்ந்து பூச நேரமில்லை. இன்று டோட்டோ என்று பெயர் பெற்றிருக்கும் நிறுவனம் குளியலறைகளைத் தொழிற்சாலையிலேயே செய்து, கொண்டுவந்து பொருத்தியது. அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு நாடெங்கும் வழக்கமாகிவிட்டது.

இந்தக் குளியலறை நெட்டையானவர்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் தொட்டி ஆழம்; முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வெந்நீர் மார்புக்கு மேல் ஏறுகிறது. ஷவரைத் திறக்குமுன் திரையைத் தொட்டிக்கு உள்பக்கம் இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் டாய்லெட் பேப்பர் முழுச் சுருளும் கூழாகிவிடும்.