மேடைக் குரலும் அதன் பௌதிக அடிப்படையும்

தமிழில் மேடைப்பேச்சுப் பற்றி எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் அச்சேறிய சொற்பொழிவுகளையே ஆதாரமாகக் கொண்டவை. மோனை, அடுக்குமொழி, உவமை ஆகியன அவற்றில் விரிவாக ஆராயப்படும். ஆயின், சொற்பொழிவு அச்சேறுமுன் குரலாக இருந்தது என்பது மறக்கப்படுகின்றது. குரலைப் பற்றிக் கூற நேரும்போதும் ‘சிங்கநாதம்’, ‘வெண்கலக் குரல்’ என்னும் பாராட்டுகளே எஞ்சுகின்றன. பேச்சாளனுக்கும் கூட்டத்துக்கும் இடையிலான உறவில் உருவாகும் ஒன்றை, தனிமனிதனுக்கு வாய்த்த வரமாக இப்பாராட்டுகள் காட்டிவிடுகின்றன.

மேடையில் குரல் மாறுவதற்குத் திட்டமான பௌதிகக் காரணங்கள் உள்ளன. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலிமட்டம் ஏறத்தாழ 6 தெசிபெல் குறையும். கடைசி வரிசையை எட்டவேண்டிய பேச்சாளன் நுரையீரலிலிருந்து கூடிய அமுக்கத்துடன் காற்றை வெளியேற்றுகிறான், குரல்நாண்கள் இறுகுகின்றன. சாதாரண உரையாடலில் ஆணின் குரல்நாண்கள் செக்கனுக்கு 100 முதல் 130 தடவை வரையிலும், பெண்ணின் குரல்நாண்கள் ஏறத்தாழ 200 தடவையும் அதிர்கின்றன. உரத்த பேச்சில் இவ்வெண்ணிக்கை கணிசமாக உயரும். வாய் அகலத் திறப்பதால் உயிரொலிகளின் தன்மை மாறும்; ஒலியின் ஆற்றல், செவி மிக நுட்பமாக உணரும் உயர்ந்த அதிர்வெண்களை நோக்கி நகரும். இரைச்சலின் நடுவே பேசுபவர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவதை 1911இல் பிரெஞ்சு மருத்துவர் எற்றியன் லொம்பார்ட் எடுத்துக்காட்டினார். ஆகவே, ‘வீராவேசம்’ என நாம் வருணிப்பதில் ஒரு பகுதி, தூரத்துக்கும் இரைச்சலுக்கும் உடல் ஆற்றும் எதிர்வினையே.

இம்மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. குரல் உயரும்போது உயிரொலிகள் வலுப்பெற்று நீள்கின்றன; மெய்யொலிகள் அதே அளவில் வலுப்பெறுவதில்லை. ‘கல்’ என்பதையும் ‘பல்’ என்பதையும் வேறுபடுத்துவது முதல் மெய்யே. அது வாயினுள் ஏற்படும் அடைப்பிலும் வெடிப்பிலும் பிறப்பது. குரல்நாணின் வலிமை அதற்கு அதிகம் உதவாது. எனவே கத்திப் பேசும்போது உணர்ச்சி தொலைவு செல்லும். பொருளை வேறுபடுத்தும் ஒலி பின்தங்கும்.

இவ்வுண்மையைத் தமிழ் மேடையின் வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பது பயனுடையது. 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். கிறித்தவ மிசனரிமாரின் பிரசங்க முறையைச் சைவத்தின் பாதுகாப்புக்காகக் கைக்கொண்ட நிகழ்ச்சி அது. அன்று ஒலிபெருக்கி இல்லை. அத்தகைய சூழலில் முழுமையாக உச்சரிக்கப்படும் சொல்லுறுப்புகளும், நிதானமான ஓட்டமும், கூறியதைக் கூறலும் கேட்போனுக்குத் துணைபுரிந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. ‘வருகினம்’ என்பது ஒரு கணத்தில் காதைக் கடந்துவிடும். ‘வருகின்றார்கள்’ என்பது தங்கிச் செல்லும்.

ஆயினும் இவ்விளக்கத்தை எல்லை கடந்து நீட்டலாகாது. திராவிட இயக்க மேடைகளின் செந்தமிழ் நடையை 2009இல் வெளியான தமது நூலில் ஆராய்ந்த பேர்ணாட் பேற், அந்நடை 1940களிலிருந்து வளர்ந்த நவீன ஆக்கம் எனக் காட்டினார். பேற் அதனை ஓர் அழகியலாகவே நோக்கினார். ஒலியியல் நோக்கில் இங்கு ஒரு முரண்பாடு தென்படுகின்றது. ஒலிபெருக்கி பரவி, குரலை நீட்டி உயர்த்தும் பௌதிகத் தேவை குன்றிய காலத்திலேயே நீட்டிய, உயர்த்திய நடை உச்சம் பெற்றது. தேவையிலிருந்து பிறந்த வடிவம், தேவை நீங்கிய பின்னர் அதிகாரத்தின் அடையாளமாக நிலைபெற்றது எனலாம். கருவியே நடையைத் தீர்மானித்தது என்றும் கூறவியலாது. அதே காலத்தில், அதே கருவியின் முன்னின்று, பெரியார் பேச்சுமொழியிலேயே மணிக்கணக்காக வாதிட்டார். கருவி பொதுவானது, பயன்பாடு கருத்துநிலை சார்ந்தது.

ஒலிவாங்கி நடுநிலையானதும் அன்று. அது மேடையிலுள்ளவனின் முணுமுணுப்பையும் பெருக்கும். கூட்டத்திலிருந்து எழும் கேள்வியை அமுக்கிவிடும். முன்னர் குறுக்கிட்டவனின் குரலும் பேசியவனின் குரலும் ஒரே காற்றில் மோதின. இன்று கருவி யார் கையில் உள்ளது என்பதே யார் பேசுவார் என்பதைத் தீர்மானிக்கின்றது. அவ்வாறே, உரத்துப் பேசுகையில் சுருதி உயர்வது இருபாலார்க்கும் பொது. எனினும் ஆணிடத்து அது ‘முழக்கம்’ எனவும், பெண்ணிடத்து ‘கூச்சல்’ எனவும் பெயர் பெறுகின்றது. இவ்வேறுபாட்டை இடுவது குரல்நாண் அன்று, சமூகம்.

முற்போக்கு மேடைகளும் இவ்விடயத்தில் விலக்கானவை அல்ல. தாம் எதிர்க்கும் அரசியலின் குரலையே இரவல் பெற்று, கருத்தை மாத்திரம் மாற்றினாற் போதுமென அவை பல வேளைகளில் எண்ணியுள்ளன. ஆனால் கூலி, நிலம், விலை என்பனவற்றை விளக்க முனையும் பேச்சுக்கு மெய்யொலிகள் கேட்டாகவேண்டும். ஒரு வாக்கியம் மறு வாக்கியத்துக்கு எவ்வாறு இட்டுச் செல்கின்றதென்பது தெரிந்தாகவேண்டும். கைதட்டலுக்கு இடம்விடும் நிறுத்தம் வேறு, சிந்தனைக்கு இடம்விடும் நிறுத்தம் வேறு. ஒலிப்பதிவுகள் கிடைக்கும் இன்று, சொற்பொழிவு பற்றிய எமது திறனாய்வு இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளவேண்டும். அதற்கு அச்சுப்பிரதியுடன் செவியும் வேண்டும்.