வெற்றிக் கதைகளும் வெங்காயத் தோட்டமும்

வார மலர்களிலும் பயிற்சிப் பட்டறைக் கைந்நூல்களிலும் ஒரு புதிய இலக்கிய வகை தழைத்து வருகின்றது. 'வெற்றிக் கதை' என்பது அதன் பெயர். கதாநாயகி பெரும்பாலும் கணவனை இழந்த கமக்காரப் பெண். கையிலே காசில்லை, மனத்திலே உறுதியுண்டு. சிறு கடன் கிடைக்கின்றது. ஆடு வளர்க்கிறாள், அல்லது மிளகாய்த்தூள் இடித்து விற்கிறாள். மூன்றாம் பந்தியில் முயற்சியாளர் ஆகிவிடுகிறாள். நமது மாணவர் நாவல்களிலும் பார்க்க இவற்றையே மிகுதியாக வாசிக்கின்றனர். பேச்சுப் போட்டிகளில் ஒப்புவிக்கின்றனர். ஆதலின் இவற்றை இலக்கியமாகவே கொண்டு ஆராய்வது பொருந்தும்.

முதலில் சொல்லை நோக்குவோம். பாடநூல்கள் 'முயற்சியாண்மை' என்கின்றன. அழகிய சொல்தான். வேளாண்மை, தாளாண்மை என்பவற்றிற் போல இங்கும் 'ஆண்மை' ஆளுந் தன்மையைக் குறிக்கும். முயற்சி கமக்காரக் குடும்பத்துடையது என்பதில் ஐயமில்லை. ஆட்சி யாருடையது? இவ்வினாவை வெற்றிக் கதை எழுப்புவதேயில்லை.

கிராமத்தவரிடம் முயற்சி இல்லை, அதை வெளியிலிருந்து ஊட்டவேண்டும் என்பதே இக்கதைகளின் மறைமுகக் கூற்று. யாழ்ப்பாணத்துச் செம்மண் இதனை மறுக்கும். கல்லை உடைத்துக் கிணறு தோண்டி, துலா மிதித்து, குழையும் எருவும் சுமந்து புகையிலையும் வெங்காயமும் விளைவித்தவர் எந்தப் பட்டறைக்கும் போனவரல்லர். திருவிதாங்கூருக்குப் போன புகையிலையை விற்கக் கூட்டுறவுச் சங்கம் கண்டவரும் அவர்களே. 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி இறுக்கப்பட்டபோது தோட்டக்காரர் நிமிர்ந்தனர். இளைஞர் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காடு வெட்டி மிளகாய் நட்டனர். (அக்காலத்தைப் பொற்காலமெனப் பாட நாம் ஆயத்தமில்லை. அதே ஆண்டுகளிலேதான் மலையகத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். செம்மண்ணின் செழிப்பிலும் நிலமற்ற கூலியாளரின் முதுகு வளைந்திருந்தது.) 1977இன் பின் இறக்குமதிக் கதவு திறந்தது, விலை சரிந்தது. ஆட்கள் அவர்களே, கிணறும் அதுவே. மாறியது எது? 2021இல் ஒரே ஆணையால் இரசாயன உரத்தின் இறக்குமதி தடுக்கப்பட்டபோது, வாடிய பயிரின் முன் எந்த முயற்சியாண்மை நின்றுபிடித்திருக்கும்?

சந்தையிலோ 'கழிவு' என்றொரு வழக்கம். நூறு கிலோ கொண்டுபோனவனுக்குத் தொண்ணூறு கிலோவுக்கே காசு. பத்துக் கிலோ எங்கே போயிற்று என்று கேட்கும் பாத்திரம் எந்த வெற்றிக் கதையிலும் இல்லை.

கடனைப் பற்றியும் சொல்லவேண்டும். எம்மிடம் பயிலும் மாணவியொருத்தி இப்பொருளிற் பேசிப் பரிசு பெற்றாள். அவள் வீட்டுக்குக் கடன் வசூலிப்பவர் வரும் நாளில் தாய் பின்வளவால் அயல்வீட்டுக்குப் போய்விடுவார் என்பதைப் பின்னரே அறிந்தோம். முதற் கடனை அடைக்க இரண்டாவது கடன், இரண்டாவதற்குக் காதுத்தோடு. இது ஒரு வீட்டின் செய்தியன்று. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர நேர்ந்தது. அப்பெண்களும் ஒருகாலத்தில் முயற்சியாளர் என்றே அழைக்கப்பட்டவர்கள்.

உண்மையில் வென்ற பெண்களை நாம் எள்ளவில்லை. அவர்கள் உழைப்பு வணக்கத்துக்குரியது. நமது குற்றச்சாட்டு கதை சொல்பவர்மீதே. செங்கை ஆழியானின் 'காட்டாறு' நாவலின் கலைத்திறன் பற்றி எவ்வளவும் வாதிடலாம். ஆயின் வன்னிக் கமக்காரனின் வியர்வை யார் கைக்குப் போகின்றது என்பதை அது காட்ட முயன்றது. அதிகாரிக்கும் பணம் படைத்தவனுக்கும் அதில் முகமுண்டு. வெற்றிக் கதையில் ஒரே ஒருவருக்குத்தான் முகம். வெற்றி அவளுடையது, ஆதலால் தோல்வியும் அவளுடையதே ஆகிவிடுகின்றது. யதார்த்தம் போலத் தோன்றும் இப்பொய் பழைய அரசகுமாரிக் கதைகளிலும் பார்க்கக் கொடியது. அவை எவரையும் கடன் வாங்கச் செய்யவில்லை.

கடந்த தவணையில் நம் வகுப்பினரைத் தத்தம் வீட்டுத் தோட்டக் கணக்கை எழுதி வரச் சொன்னோம். விதை வெங்காயம், இறைப்பு எண்ணெய், மருந்து, கூலி, கழிவு, வட்டி எல்லாம் வந்தன. தாயின் உழைப்பை எந்தப் பக்கத்தில் பதிவது என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பு முடியும் மணி அடித்தபின்னும் அதைப்பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.