பெத்லகேம் குறவஞ்சியில் இறைவன் ஆட்சி

சரபோசி மன்னரைத் தலைவராகக் கொண்டு சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியில், தலைவரின் நாடு காவிரி பாயும் சோழநாடு. தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாடிய பெத்லகேம் குறவஞ்சிக்குத் தலைவர் கிறித்து. முதலும் முடிவும் இன்றி அனைத்தையும் ஆள்பவர் அவர் என்பது கிறித்தவர் கொள்கை. எல்லையற்றவர்க்கு உலா வீதி யாது? எங்கும் உள்ளவரைப் பிரிந்து தலைவி வருந்துதல் யாங்ஙனம்?

பழைய வடிவில் புதிய சமயப்பொருளைப் பெய்த நூல் என்ற அளவில் இதனை மதிப்பிடுவோர் இவ்வினாக்களை எழுப்புவதில்லை. ஆசிரியர் இவற்றை உணர்ந்தே பாடினார் எனக் கருதுகின்றோம். சரபோசிக்கும் ஆசிரியரான சுவார்ட்சு ஐயரிடம் பயின்றவர் இவர். குறவஞ்சிக்குரிய நாட்டுவளம் இவர் கையில் உலகப் பரப்பிற்கும் வான்கோள்களுக்கும் விரிகின்றது. புவிநூலும் வானநூலும் இறைவனின் ஆட்சிப் பரப்பைக் காட்டும் கருவிகளாகின்றன. செய்திகளின் அடுக்கு மிகுமிடத்துக் காதற்சுவை தளர்தல் உண்டு. அதனை மறைத்தல் திறனாய்வு ஆகாது.

தலைவியின் பிரிவோ இடத்தால் நேர்ந்ததன்று. காலங் கடந்தவரைக் காலத்துள் நின்று விழையும் உயிரின் ஏக்கமே அது. நூற்பெயரும் இதற்குச் சான்று. என்றும் உள்ளவர் ஒரு நாளில் ஒரு சிற்றூரிற் பிறந்தார் என்பது கிறித்தவ நம்பிக்கையின் உயிர்நிலை. எனவே ஊரோடு பிணைந்த குறவஞ்சி வடிவம் அந்நம்பிக்கைக்குத் தடையன்று. அதனைச் சொல்ல ஏற்ற வாயிலே ஆகும்.