விற்பனை அட்டவணையும் வாழ்க்கைக் கணக்கும்

தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் 'தகவல் செயலாக்கம்' என்னும் இயல் நிலைபெற்றதிலிருந்து, ஒரு கடையின் விற்பனையை நாள்வாரியாகவோ பொருள்வாரியாகவோ கட்டங்களில் நிரப்பித் தந்து, அதன்கீழ் நான்கைந்து கேள்விகளை அடுக்கும் முறை தொடக்க வகுப்புகளிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவர் எழுதும் தேசிய வருவாய்வழிப் படிப்புதவித்தொகைத் தேர்வு வரையிலும், அங்கிருந்து தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வில் திறனறிவுக்கென ஒதுக்கப்பட்ட 25 வினாக்கள் வரையிலும் பரவியிருக்கிறது. இவ்வகை வினாக்களை ஆதரிப்போர், வெற்று எண்களைக் கூட்டிப் பெருக்கும் பழைய பயிற்சியிலிருந்து மாணவரை மீட்டு வாழ்க்கைக் கணக்குக்குக் கொண்டுவந்தது இந்த அட்டவணையே என்று வாதிடுகின்றனர். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்துப் பயிற்சித்தாளில் பழக்கடை இருந்த இடத்தில் பால்கோவா கடை என்று எழுதிவிட்டால், கணக்கு அந்த ஊரின் வாழ்க்கையையே தொட்டுவிட்டதாகவும் அவர்கள் கருதுகின்றனர். இந்த வாதம் பிழையானது.

அட்டவணைக் கணக்குக்கு நன்மைகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. நிரையும் நிரலும் சந்திக்கும் கட்டத்தைக் கண்டு உரிய எண்ணை எடுப்பது பிற்காலத்தில் வங்கிப் புத்தகத்தையும் மின்கட்டண அட்டையையும் படிக்கத் துணைசெய்யும் பழக்கம். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளியில், ஒரு கட்டத்திலிருந்து பல கேள்விகளை எடுக்க முடிவதும் பெரிய வசதி. சூழலோடு சேர்த்துக் கேட்கப்படும் கணக்கு வெற்றுக் கணக்கைவிட நன்றாக விளங்கும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற ஐந்து சிறுவர்களை வைத்து நடத்தப்பட்டு 1985-இல் வெளியான ஆய்வில், அவர்கள் தங்கள் கடையில் வாய்க்கணக்காகச் செய்தவற்றில் ஏறத்தாழ 98 விழுக்காடு சரியாக இருக்க, அதே எண்களைக் கதைக்கணக்காகத் தாளில் தந்தபோது அது 74 ஆகவும், வெற்றுக் கூட்டல் பெருக்கலாகத் தந்தபோது 37 ஆகவும் குறைந்தது. கதைக்கணக்கின் ஆதரவாளர்கள் பின்னிரு எண்களை ஒப்பிட்டு மகிழலாம். ஆனால் அக்கணக்குகள் அச்சிறுவர்கள் முன்பு தாங்களே செய்து முடித்த வியாபாரத்திலிருந்து எடுக்கப்பட்டவை, எவரோ எழுதிக்கொடுத்த அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல என்பதையும் அவர்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அட்டவணைக் கணக்கின் அடிப்படைக் குறை அங்கிருந்தே தொடங்குகிறது. எதை எண்ணுவது, எந்த அலகில் அளப்பது, எத்தனை நாளுக்குத் தொகுப்பது, கடைசியில் எதைத் தெரிந்துகொள்வதற்காக இவ்வளவும் செய்வது என்ற நான்கு முடிவுகளே ஒரு வியாபாரக் கணக்கின் உயிர். இந்நான்கையும் வினா எழுதுபவர் முன்கூட்டியே முடித்துவிட, மாணவருக்கு எஞ்சுவது கட்டத்திலுள்ள எண்ணை எடுத்துச் செயலிக்குள் போடும் வேலை மட்டுமே. 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டத்துக்காகச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனப் பேராசிரியர் ஆர். இராமானுஜம் தலைமையில் அமைந்த குழு, பள்ளிக் கணிதத்தின் முதன்மை நோக்கமாகக் குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதை, அதாவது உலகில் காணும் ஒன்றை அளவாகவும் உறவாகவும் மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை ஊட்டுவதை முன்வைத்தது. அட்டவணைக் கணக்கில் அந்த மாற்றும் வேலையைச் செய்வதற்கு மாணவருக்கு இடமே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாக எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை விற்கும் ஒரு கடையில் திங்கள் முதல் ஞாயிறு வரை முறையே 20, 18, 22, 20, 30, 40, 60 கிலோ விற்றது என்று அட்டவணை தருவதாக வைத்துக்கொள்வோம். மொத்த விற்பனை எவ்வளவு, மிக அதிகமாக விற்ற நாள் எது, கிலோ 400 ரூபாய் எனில் ஞாயிற்றுக்கிழமை வரவு எவ்வளவு, சராசரி விற்பனை எவ்வளவு என்பவை வழக்கமான கேள்விகள். மொத்தம் 210 கிலோ, மிக அதிகமாக விற்ற நாள் ஞாயிறு, அன்றைய வரவு 24,000 ரூபாய், மொத்தத்தை நாட்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் சராசரி, மீதியே இல்லாமல் 30. நான்கு விடைகளும் சரி, நான்குக்கும் மதிப்பெண் உண்டு.

இப்போது அந்தச் சராசரியைக் கடைக்காரர் நம்பி நடந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 30 கிலோ வீதம் கிண்டினால், திங்கள் முதல் வியாழன் வரை 10, 12, 8, 10 என மொத்தம் 40 கிலோ தேங்கும். வெள்ளி சரியாக இருக்கும். சனிக்கிழமை 10 கிலோவும் ஞாயிற்றுக்கிழமை 30 கிலோவுமாக 40 கிலோ பற்றாக்குறையாகும். தேங்கியதும் குறைந்ததும் 40 என்று சமமாக இருப்பதால் தாளில் கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் பாலும் சர்க்கரையும் சேர்ந்து சுண்டிய அந்தப் பண்டம் நாள்பட நாள்பட ஈரமும் மணமும் இழந்து பதம் மாறக்கூடியது என்பதால், திங்களன்று தேங்கியதை ஞாயிறன்று வந்தவருக்குத் தருவதற்கு எந்த நல்ல கடைக்காரரும் துணியமாட்டார். ஆக, அவருக்குப் பயன்படாத ஒரே எண் சராசரிதான். ஆனாலும் வினாத்தாளில் அதற்கும் மதிப்பெண் உண்டு.

'விற்பனை' என்ற சொல்லும் அவ்வளவு எளிதானதன்று. ஞாயிற்றுக்கிழமை 60 கிலோ விற்றது என்றால், அன்று 60 கிலோதான் கேட்கப்பட்டதா, அல்லது இருந்த 60 கிலோவும் பிற்பகலிலேயே தீர்ந்து, பின்னர் வந்தவர்கள் வெறுங்கையோடு அடுத்த கடைக்குப் போனார்களா என்பதை அட்டவணை சொல்லாது. விற்பனை என்பது கைமாறிய சரக்கின் அளவு, தேவை என்பது கேட்டு வந்தவர்களின் அளவு. கடையின் பிழைப்பு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் இருக்கிறது. மேலும், வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பிய சரக்கு விற்பனையில் ஏறியிருந்தாலும் அதன் பணம் பாக்கியாக நிற்கலாம். அப்போது கல்லாவில் இருப்பது ஒன்றாகவும் பெருக்கி வந்த விடை வேறொன்றாகவும் இருக்கும். ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் தேரும், சதுரகிரி மலைக்குச் செல்வோர் கூடும் அமாவாசை பௌர்ணமியும், கார்த்திகை மார்கழியில் குற்றாலம் வழியாகச் சபரிமலை செல்வோரின் வண்டிகளும் அந்த ஊரின் வியாபாரத்தை ஏற்றி இறக்குகின்றன என்பது அங்குள்ள பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அறிவைக் கணக்குக்குள் கொண்டுவர ஒரு கட்டம்கூட இல்லாத அட்டவணையை உள்ளூர் வாழ்க்கையின் கணக்கு என்று அழைப்பது பொருந்தாது. அதில் உள்ளூர் என்று சொல்லத்தக்கது பண்டத்தின் பெயர் ஒன்றே.

இக்குறை மாணவரின் மனப்போக்கையே மாற்றிவிடுகிறது என்பதுதான் கவலைக்குரியது. ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருந்தால் தலைவனின் வயது என்ன என்று பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடக்க வகுப்பு மாணவர்கள் 97 பேரிடம் கேட்டபோது, 76 பேர் இரண்டு எண்களையும் ஏதேனும் ஒரு வகையில் சேர்த்து ஒரு வயதைச் சொன்னார்கள். கேட்கப்பட்டதற்கும் தரப்பட்டதற்கும் தொடர்பு உண்டா என்று ஐயுறும் பழக்கம் அப்பிள்ளைகளிடம் இல்லாமற்போனதற்கு, தரப்பட்ட எண்களெல்லாம் பயன்படும், விடை எப்போதும் உண்டு என்று ஆண்டுக்கணக்கில் பள்ளி பழக்கியதே காரணம். விற்பனை அட்டவணை அதே பழக்கத்தை அழகான கட்டங்களுக்குள் வைத்துத் தொடர்கிறது: 'மொத்தம்' என்றால் கூட்டல், 'எவ்வளவு அதிகம்' என்றால் கழித்தல், 'சராசரி' என்றால் வகுத்தல் எனச் சொல்லைப் பார்த்துச் செயலியைத் தேர்வதோடு மாணவரின் சிந்தனை முடிகிறது. 2025-இல் 'நேச்சர்' இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு, கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர்களைப் பரிசோதித்து, சிக்கலான பேரங்களை மனக்கணக்காக முடிப்பவர்கள் பள்ளிக்கணக்கில் தடுமாறுவதையும், பள்ளிக்கணக்கைச் செய்யத் தெரிந்த மாணவர்கள் சந்தைக் கணக்கில் தடுமாறுவதையும் காட்டியது. கடைப்பெயர் சூட்டிய கணக்குகள் இவ்விரண்டு உலகங்களையும் இணைத்திருந்தால் இந்த இடைவெளி இத்தனை அகலமாக இருந்திருக்காது.

அட்டவணைக் கணக்குக்கு மாறாக, பழந்தமிழ்க் கணித நூலான காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்ற விதி ஒன்று உண்டு. அவ்விதி எல்லாப் பழத்துக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. பழத்தை அறுத்து எண்ணிப்பார்த்து விதியையே சோதிக்கலாம் என்பதுதான் கவனிக்கத்தக்கது. அட்டவணைக் கணக்கின் விடையைச் சோதிப்பதற்கு விடைக்குறிப்பைத் தவிர உலகில் வேறு பொருளே கிடையாது.

ஒரு பாடவேளைக்குள் மாணவரைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்ல இயலுமா என்று ஆதரவாளர்கள் கேட்பார்கள். அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் வீடுகளில் பால் அட்டை இருக்கிறது. காலையும் மாலையும் ஊற்றிய லிட்டர், கொழுப்பு, இதர சத்து ஆகியவற்றைக் கொண்டே பட்டுவாடா நாளில் வரவேண்டிய தொகை முடிவாகிறது. மருத்துவத் துணி நெய்யும் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதி வீடுகளில் நெய்த அளவுக்கேற்ற கூலிக் குறிப்பு இருக்கிறது. பள்ளியிலேயே சத்துணவுப் பதிவேட்டில் அரிசியின் தொடக்க இருப்பும், வரவும், செலவும், இறுதி இருப்பும் நாள்தோறும் எழுதப்படுகின்றன. இவற்றில் விடுபட்ட கட்டம் உண்டு, அடித்துத் திருத்திய எண் உண்டு, நேற்றைவிட இன்று ஏன் குறைந்தது என்று கேட்டே தீரவேண்டிய இடமும் உண்டு. மாடு சினையாக இருப்பதால் பால் குறைந்ததா, அளவையில் பிழையா என்று ஒரு பிள்ளை யோசிக்கத் தொடங்கும் இடத்தில் கணக்கு உண்மையிலேயே வாழ்க்கைக்குள் நுழைகிறது.

எனவே பாடநூல் எழுதுவோரும் வினாத்தாள் அமைப்போரும் குறைந்தபட்சம் இரண்டு மாற்றங்களையாவது செய்ய வேண்டும். ஒவ்வோர் அட்டவணையிலும் ஒரு கேள்வியாவது 'இந்த எண்களைக் கொண்டு இதற்கு விடை காண இயலாது' என்பதைச் சரியான விடையாகக் கொண்டிருக்க வேண்டும். அதற்கு இன்னும் எந்தத் தகவல் வேண்டும் என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் தரப்பட வேண்டும். கடைசிக் கேள்விக்குரிய வரிகளை வெற்றாக விட்டு, அக்கேள்வியை எழுதும் பொறுப்பை மாணவரிடமே ஒப்படைக்க வேண்டும். இவை நடைபெறும் வரை இவ்வினாக்களுக்கு அட்டவணைப் பயிற்சி என்ற பெயரே போதும்; வாழ்க்கைக் கணக்கு என்ற பெயரை அவற்றிலிருந்து நீக்கிவிடுவதே நேர்மை.