வகுப்பறை வாக்குச்சீட்டு

சீன நெறியாளர் சென் வெய்ஜுன் 2007-இல் உருவாக்கிய ‘தயவுசெய்து எனக்கு வாக்களியுங்கள்’ என்னும் விவரணப்படம், வூஹான் நகரத்து ஆரம்பப் பாடசாலை ஒன்றின் மூன்றாம் வகுப்பிற் புகுந்து பார்க்கிறது. அதுவரை ஆசிரியர் நியமித்து வந்த வகுப்புத் தலைவர் பதவிக்கு முதன்முறையாக வாக்கெடுப்பு நடைபெறுகிறது.

வேட்பாளர் மூவர், இரு சிறுவரும் ஒரு சிறுமியும். ஏற்பாடு செய்யப்பட்ட கூச்சலைத் தாங்காது சிறுமி அழுகிறாள். பெற்றோர் பேச்சு எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்விக்கின்றனர். முன்னரே தலைவனாயிருந்தவன் தம்மை அடிப்பவன் என்று பிள்ளைகளே வாய்விட்டுச் சொல்கின்றனர். ஆயினும் அவன் பெற்றோர் வகுப்பு முழுவதையும் ரயிற் சவாரிக்கு அழைத்துச் செல்கின்றனர். வாக்களிப்புக்கு முன் அன்பளிப்பும் கைக்கு வருகிறது. அவனே வெல்கிறான்.

‘மனித இயல்பே இதுதான், ஜனநாயகம் வெறும் வேடம்’ என்று முடிவு கட்டுவோர் படத்தைச் சரியாகப் பார்த்தவராகார். வேட்பாளரைத் தெரிந்தவர் ஆசிரியர். பேச்சை எழுதியவர் பெற்றோர். வெல்பவன் செய்யும் வேலையோ வகுப்பை அடக்கி வைப்பது. தம்மை ஆளும் காவலனைத் தெரிவு செய்ய மட்டுமே அப்பிள்ளைகளுக்கு உரிமை கிடைத்தது. அவர்கள் சார்பிற் பேசும் பிரதிநிதி ஒருவன் அங்கே தேவைப்படவேயில்லை. படத்தின் குறையும் இவ்விடத்திலேதான் உள்ளது. கமரா வேட்பாளரின் வீடுகளையே சுற்றி வருகிறது. அடிபட்ட பிள்ளை, அடித்தவனுக்கே ஏன் வாக்களித்தது? இக்கேள்விக்கு விடை தேடி அது செல்லவில்லை.

சீனத்தைப் பார்த்துச் சிரிக்குமுன் நம் முற்றத்தையும் பார்க்க வேண்டும். கவிஞரும் ஆசிரியருமான நீலாவணன் பெரியநீலாவணையிற் பிறந்த 1931-ஆம் ஆண்டிலேயே இலங்கையில் சர்வசன வாக்குரிமையின்கீழ் முதற் தேர்தல் நடந்தது. இன்று நம் பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் கூடுகிறது. சபாநாயகரும் உண்டு, அமைச்சரும் உண்டு. ஆனால், உடைந்த குடிநீர்க் குழாயைப் பற்றி அச்சபை எடுக்கும் தீர்மானத்துக்கு அதிபர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா? இல்லையெனில் அது பரிசளிப்பு விழா நாடகமன்றி வேறென்ன?

கல்முனைக் கரையில் இன்னொரு குறையும் உண்டு. ஒரே தமிழைப் பேசும் பிள்ளைகள், தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை எனப் பெரிதும் பிரிந்தே படிக்கின்றனர். பெரியநீலாவணைப் பிள்ளை, அடுத்துள்ள மருதமுனைப் பிள்ளையிடம் வாக்குக் கேட்கும் தேவையின்றியே பதினெட்டு வயதை அடைகிறது. பிறனை நம்பவைக்கும் கலையைக் கற்காதவர், தம்மவரை எண்ணிப் பார்க்கும் கணக்கையே அரசியல் என்று கொள்வர்.

பெரியோர் காட்டும் முன்மாதிரியும் சிறப்பாயில்லை. 2023-இல் நடைபெறவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று பின்போடப்பட்டது; அது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6-இல் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோதும், வழக்குக் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு வாக்களிப்பு இல்லை. அவ்வாண்டிலும் வகுப்பறையில் வாக்குப்பெட்டி வைத்த பிள்ளைகள் இதைக் கண்டிருப்பர்.

ஆசிரியத் தோழர்களே, வாக்குச்சீட்டை மடிக்கப் பழக்குவது எளிது. வேட்பாளரைத் தாமே நிறுத்தவும், வென்றவனைக் கேள்வி கேட்கவும், தவறினால் விலக்கவும் பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள். அக்கேள்வி நம்மை நோக்கியும் வரும். அதற்கு அஞ்சாத வகுப்பறையிலேயே ஜனநாயகப் பாடம் தொடங்கும்.