திரையில் தாழ்ந்த தியாகச் சிகரம்

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்கள் கொண்டது. மணிரத்னம் அதனை 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு படங்களாக்கினார். பெருங்கதையைச் சுருக்குவோர் சிலரை விடுத்தல் இயல்பே. மணிமேகலையின் நீக்கத்தைப் பொறுக்கலாம். சேந்தன் அமுதன் செய்தி அத்தகையதன்று. நாவலில் அவனே உண்மையான மதுராந்தகன். பூத்தொடுத்து வாழ்ந்த, அரசை வேண்டாத அவனுக்கு அருள்மொழி முடிசூட்டுகிறான். ‘தியாகச் சிகரம்’ என்னும் இறுதிப் பாகத்தின் பெயர் அங்கே பொருள் பெறுகிறது. படத்திலோ, அரியணைக்கு உரிமை கோரிய மதுராந்தகனுக்கே மகுடம் செல்கிறது. ஆள்மாறாட்டம் கல்கியின் கற்பனையாதலின், படம் வரலாற்றுக்கு அணுக்கம் எனலாம். ஆயினும் கேட்டவனுக்குக் கொடுப்பது உடன்பாடாகத் தோன்றும். கேளாதவனுக்குக் கொடுப்பதே தியாகம். சிம்பாங் பூலாய் வட்டார மாணவர் பலருக்குப் படமே முதல் அறிமுகமாகலாம். ஆசிரியர் ஐந்தாம் பாகத்தையும் அவர்கள் கையிற் கொடுத்தல் நன்று.